பாருக்கு ஆயில் எப்போது நிற்கிறது?

மரம் அறுக்கும் செயின் சாவில், செயின் சுற்றி ஓடும் பட்டை இரும்பான பாருக்கு ஆயில் வரவில்லை என்றதும் முதல் வேலையாக ஆயில் பம்ப் வாங்கிவிடுவது நம் பக்கம் பழக்கமாகிவிட்டது. புதுப் பம்ப் மாட்டிய பிறகும் பார் காய்ந்தே கிடக்கும். அப்புறம் மெஷினே சரியில்லை என்று முடிவு கட்டுவார்கள். பம்ப் கெடுவது உண்டுதான். ஆனால் சந்தேகப்பட வேண்டிய வரிசையில் அது கடைசி. அதற்கு முன்னால் தூள் அடைக்கிற இடங்களும் காற்று இழுக்கிற இடங்களும் நிறைய இருக்கின்றன. எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம்: ஆயில் எப்போது நிற்கிறது? ஆரம்பம் முதலே வரவில்லையா, பத்து நிமிஷம் வந்து நிற்கிறதா, டேங்க் பாதியானதும் நிற்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் ஆயில் போகும் வழியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டேங்குக்குள் ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் சின்ன ஃபில்டர். குழாயின் மறுமுனை கிளட்சுக்குப் பின்னால் இருக்கும் பம்புக்குப் போகிறது. பம்பைச் சுற்றுவது வோர்ம் கியர், அதாவது திருகு மரை போன்ற பல் உள்ள கியர். பம்பிலிருந்து வரும் ஆயில், பார் உட்காரும் இடத்தில் உள்ள துளை வழியாக வெளியே வந்து, பாரின் அடிப்பக்கத்தில் உள்ள ஆயில் துளைக்குள் நுழைந்து, செயின் ஓடும் பள்ளமான காடிக்குள் இறங்குகிறது. அங்கிருந்து செயினின் உள்பற்கள் அதை வாரிக்கொண்டு மேல்பக்கமாகப் பாரின் நுனியான மூக்கு வரை கொண்டுபோய்க் கீழ்ப்பக்கமாகத் திரும்பக் கொண்டுவருகின்றன. டேங்கில் ஆயில் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கென்று சின்னக் காற்று வால்வு ஒன்று உண்டு. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு, பாதிப் பிரச்சினைக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் பம்பைவிட அடிக்கடி அடைபடுவது இதுதான்.

ஆயில் வரவில்லை என்பதைச் செயின் முன்கூட்டியே சொல்லிவிடும். அறுக்கும்போது பாரிலிருந்து புகை வரும். சற்றுமுன் இறுக்கிய செயின் சூட்டில் நீண்டு தொங்கும். சாணை பிடித்த பல் அரை மணியில் மழுங்கும். பாரின் விளிம்பு நீலம் பாயும். இதில் ஒன்று தெரிந்தாலும் அறுப்பதை நிறுத்திவிட வேண்டும். மரத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று ஓட்டினால் பாரும் செயினும் மூக்கில் உள்ள சின்னச் சக்கரமும் சேர்ந்தே போகும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். பெட்ரோல், ஆயில் இரண்டு டேங்கையும் நிரப்பி, மெஷினை இரண்டு நிமிஷம் சூடாக்கி, பாரின் மூக்கைக் காய்ந்த அடிமரத்தின் வெட்டுமுகத்துக்கோ வெள்ளை அட்டைக்கோ 15, 20 செ.மீ. மேலே பிடித்து, முக்கால் ஆக்சிலரேட்டரில் 20 நொடி ஓட விடுங்கள். செயின் பிரேக் விடுவித்திருக்க வேண்டும், செயின் தரையைத் தொடக்கூடாது. அட்டையில் பொடிப் பொடிப் புள்ளிகளாக ஒரு கோடு விழ வேண்டும். கோடு விழுந்தால் ஆயில் வருகிறது. அப்புறமும் பார் சூடேறினால் குற்றம் மழுங்கிய செயினிலோ, அதிகமாக இறுக்கியதிலோ இருக்கிறது.

கோடு விழவில்லையா? எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் இனி எதையும் தொட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நின்றுபோன செயினும் கையைக் கிழிக்கும்.

ஆரம்பம் முதலே வரவில்லை என்றால் பக்க மூடியைக் கழற்றுங்கள். தென்னை அறுத்த மெஷினாக இருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லலாம். தென்னந்தூள் பஞ்சு மாதிரி, ஈரம் வேறு. அது ஆயிலோடு சேர்ந்து செக்கில் ஆட்டிய பிண்ணாக்கு போல இறுகி, பல்சக்கரத்தைச் சுற்றியும் பாரின் அடியிலும் அப்பிக்கொண்டிருக்கும். விரலால் தோண்டினால் கட்டி கட்டியாக வரும். அந்தக் கட்டி துளையை அடைப்பதோடு நிற்பதில்லை. விளக்குத் திரி மாதிரி ஆயிலைத் தன்னுள் இழுத்துக்கொண்டு கீழே சொட்ட விடும். டேங்க் காலியாகிக்கொண்டே இருக்கும், பார் மட்டும் காய்ந்திருக்கும். சீமைக்கருவேலம், புளி, சவுக்கு போன்ற கெட்டி மரங்களில் தூள் மாவு மாதிரி நைசாக விழும். அது காடியின் அடியில் படிந்து சிமெண்ட் போலக் கெட்டிப்படும்.

பாரைக் கழற்றி, காடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உடைந்த ஹேக்சா பிளேடாலோ ஒல்லியான தகட்டாலோ சுரண்டி எடுங்கள். எடுக்கும் திசை எப்போதும் மூக்கிலிருந்து பாரின் அடிப்பக்கம் நோக்கி. மூக்குப் பக்கம் தள்ளினால் சக்கரத்துக்குள் போய் மாட்டும். பிறகு ஆயில் துளை. பாரின் அடிப்பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், பாரைத் திருப்பிப் போட்டாலும் ஒன்று பொருந்த வேண்டும் என்பதற்காக. இரண்டிலும் 2 மி.மீ. கம்பியை விட்டுக் காடிக்குள் கம்பி நுனி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் மண்ணெண்ணெயில் அரை மணி ஊறப்போட்டு மறுபடி குத்துங்கள். பாடியில் ஆயில் வெளிவரும் துளையைக் கம்பியால் குத்தவேண்டாம். தூளை பம்புக்கே தள்ளிவிடுவீர்கள். பிரஷால் துடைத்து, மேலோட்டமாக இருப்பதை ஊசியால் நெம்பி எடுத்தால் போதும்.

இந்த இடத்திலேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பாருக்கும் பாடிக்கும் நடுவில் பல மாடல்களில் ஒரு மெல்லிய தகடு உண்டு. கழற்றி மாட்டும்போது கீழே விழுந்து தொலைவது இதுதான். தகடு இல்லாவிட்டால் பார் சரியாகப் படியாது, ஆயில் இடுக்கு வழியே கசிந்து கீழே ஒழுகும். அதே போல, வேறு மெஷினுக்கான பாரை மாட்டினால் செயின் சுற்றும், வெட்டும், ஆனால் பாரின் துளை பாடியின் ஆயில் வாய்க்கு நேராக வராது. புது பார் வாங்கும்போது அதைப் போல்ட்டில் மாட்டி, முழுக்கப் பின்னால் தள்ளியும் முன்னால் இழுத்தும் துளை எங்கே நிற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பிறகு துளை போட்டுச் சரிசெய்யலாம் என்று எண்ணவேண்டாம். பாரின் இரும்பு சாதாரண டிரில் பிட்டுக்கு எளிதில் மசியாது.

எல்லாம் சுத்தமான பிறகு, பாரை மாட்டாமலே பம்ப் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். எஞ்சினை ஓட்டவே வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை 40 முறை விடாமல் இழுங்கள். பாடியின் துளையில் ஆயில் பொங்கி நிற்க வேண்டும். வரவில்லையென்றால் உடனே முடிவுக்கு வராதீர்கள். சில மாடல்களில் வோர்ம் கியர் எஞ்சினோடு சுற்றாது, கிளட்சை மூடியிருக்கும் கிண்ணமான கிளட்ச் டிரம்மோடுதான் சுற்றும். கயிறு இழுக்கும் வேகத்தில் கிளட்ச் பிடிக்காது என்பதால் டிரம் அசையாமல் நிற்கும். அப்படியானால் செயின் பிரேக்கை விடுவித்து, செயின் ஓடும் திசையில் டிரம்மைக் கையாலேயே நூறு சுற்றாவது சுற்றுங்கள். வோர்ம் ஒரு சுற்றுச் சுற்றினால் பம்ப் கியர் ஒரே ஒரு பல்தான் நகரும், ஆகவே பொறுமை வேண்டும். இங்கே ஆயில் வந்துவிட்டால் பம்ப், குழாய், ஃபில்டர் மூன்றும் அடிப்படையில் நல்ல நிலையில் இருக்கின்றன. பிரச்சினை பாரில் இருந்தது, அதைச் சுத்தம் செய்தாயிற்று.

இனி இரண்டாவது வகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நன்றாக வருகிறது, ஐந்து பத்து நிமிஷத்தில் நிற்கிறது, மத்தியானம் மறுபடி எடுத்தால் கொஞ்ச நேரம் வருகிறது. இது காற்று வால்வு அடைப்பின் அடையாளம். ஆயிலை உறிஞ்ச உறிஞ்ச டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறும். நின்ற உடனே எஞ்சினை அணைத்து ஆயில் மூடியை மெல்லத் திருகுங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். மூடியை இறுக்கிவிட்டு ஓட்டினால் மறுபடி கொஞ்ச நேரத்துக்கு ஆயில் வரும். வால்வு எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும். பெரும்பாலும் டேங்கின் மேல் சுவரில், பார் உட்காரும் பக்கம், பட்டாணி அளவில் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். சுற்றியுள்ள தூளைப் பிரஷால் தட்டிவிட்டு, மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, கம்ப்ரசர் காற்றைத் தூரத்திலிருந்து மெதுவாகக் காட்டுங்கள். கிட்டத்தில் வைத்து அடித்தால் வால்வு கழன்று டேங்குக்குள் விழும். கழற்றி எடுக்க முடிந்தால் வாயால் ஊதிப் பாருங்கள். டேங்குக்குள் போகும் திசையில் காற்று போக வேண்டும், எதிர்த்திசையில் போகக்கூடாது. இரு பக்கமும் போகவில்லை என்றால் புதிது மாற்றுங்கள். இதற்கு ஒரு குறுக்குவழி என்று மூடியில் ஆணியால் ஓட்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டை வழியாகத் தூள் உள்ளே போய் அடுத்த வாரம் ஃபில்டரை அடைக்கும். மெஷினைச் சாய்த்தால் ஆயில் கை முழுக்க வழியும்.

மூன்றாவது வகை எனக்குச் சுவாரசியமானது, ஏனென்றால் ஆளை ஏமாற்றுவதில் இதற்கு நிகரில்லை. டேங்க் நிறைய இருக்கும்போது அருமையாக வரும். பாதியானதும் நிற்கும். மறுபடி நிரப்பினால் மறுபடி வரும். மூடியைத் திறந்தால் சத்தமும் இல்லை. குழாயில் நடுவாக்கில் எங்கோ ஒரு வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஆயில் மட்டம் வெடிப்புக்கு மேலே இருக்கும்வரை ஓட்டை வழியாகவும் ஆயிலைத்தான் இழுக்கும். மட்டம் இறங்கியதும் காற்றை இழுக்கத் தொடங்கும். காற்று வந்துவிட்டால் இந்தச் சின்னப் பம்பால் ஆயிலைத் தூக்க முடியாது. டேங்கைக் காலி செய்து, நுனியை வளைத்த சைக்கிள் ஸ்போக்கால் குழாயை வாய்ப்பக்கம் இழுத்து, விரலில் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து முழுசாகத் தெரியும் ரப்பர், வளைத்தால் வாய் பிளக்கும். பாடிக்குள் நுழையும் கழுத்தில் வெடிப்பு அதிகம். ரப்பர் ஊறிப் பிசுபிசுவென்று உப்பியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஆயில் டேங்கில் தவறிப் பெட்ரோல் ஊற்றிய மெஷின்களில் இப்படி ஆகும். புதுக் குழாயின் கழுத்தில் ஆயில் தடவி உள்ளிருந்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு உட்காரும். பழைய குழாய் சுருண்டு ஃபில்டர் அடியைத் தொடாமல் மேலே தொங்கினாலும் இதே அறிகுறிதான் வரும்.

குழாயை வெளியே எடுத்த கையோடு ஃபில்டரையும் பாருங்கள். ஐடிலில் சொட்டுச் சொட்டாக வந்து, முழு வேகத்தில் போதாமல் போகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். மண்ணெண்ணெயில் அலசி, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, உலரவிட்டு மாட்டலாம். ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் நன்றாக வரத்தான் செய்யும், பம்ப் பிஸ்டனில் மணல் கீறும்வரை.

ஆயில் விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஃபில்டரும் துளையும் அடைபடுவதன் மூலகாரணம் பல சமயம் ஊற்றுகிற ஆயில்தான். செயினுக்கென்று விற்கும் ஆயிலில் ஒட்டிக்கொள்ளும் பசை கலந்திருக்கும். செயின் மூக்கில் திரும்பும் வேகத்தில் சிதறிப் போகாமல் இருக்க அது தேவை. அது கிடைக்காத இடத்தில் புது எஞ்சின் ஆயில், எஸ்ஏஇ 30 அல்லது 40, ஊற்றுங்கள். கொஞ்சம் அதிகம் சிதறும், அவ்வளவுதான். பைக்கிலும் டிராக்டரிலும் இறக்கிய கறுப்பு ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் இரும்புப் பொடியும் கரியும் கலந்திருக்கும். பம்புக்குக் கெடுதல் என்பதைவிட, அறுக்கிறவரின் கையிலும் முகத்திலும் நாள் முழுக்கத் தெறித்துக்கொண்டிருக்கும் என்பதுதான் பெரிய விஷயம். தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாத சரக்கு அது.

தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு. சமவெளியில் வெயில் காலத்தில் ஓடும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் வீட்டு பாட்டிலில் வெள்ளையாக இறுகி நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ சில்வர் ஓக் கிளை கழிக்கப் போகிறவர் அதை ஊற்றினால், டேங்கிலும் பம்பிலும் துளையிலும் ஒரே நேரத்தில் உறைந்து நிற்கும். அந்த நிலையில் எஞ்சினை முறுக்கினால் வோர்ம் கியரின் பல் உடையும். மற்ற சமையல் எண்ணெய்கள் உறையாவிட்டாலும், மெஷினை ஒன்றிரண்டு மாதம் மூலையில் வைத்தால் அரக்கு மாதிரிப் பிசினாகிப் பம்பைப் பிடித்துக்கொள்ளும். வேறு வழியின்றி ஊற்றினால் வேலை முடிந்த அன்றே டேங்கைக் காலி செய்து, எஞ்சின் ஆயில் கொஞ்சம் ஊற்றி இரண்டு நிமிஷம் ஓட்டி வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பாடித் துளையில் ஆயில் வரவில்லை என்றால்தான் கிளட்சைத் திறக்க வேண்டும். டிரம் வெளியே தெரியும் மாடல்களில் வேலை சுலபம். நடுவில் உள்ள சின்ன லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, வாஷரை எடுத்தால் டிரம் கையோடு வரும். லாக் தெறித்துப் போகும், மேலே துணி போட்டு நெம்புங்கள். கிளட்ச் வெளியேயும் டிரம் உள்ளேயும் இருக்கும் மாடல்களில் முதலில் கிளட்சைத் திருகிக் கழற்ற வேண்டும். அது இடது மரை. வலப்பக்கம், அதாவது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் பலம் கொடுத்துக் கிளட்சை உடைத்தவர்கள் அநேகம். எஞ்சின் சுற்றாமல் நிற்க, ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒல்லியான கயிற்றை உள்ளே விடுங்கள். பிஸ்டன் பாதிக்கு மேல் ஏறி, சைலன்சர் துவாரத்தை மூடிய பிறகே கயிற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு துவாரத்தில் சிக்கி அறுந்துபோகும். கயிற்றின் வெளிமுனையில் பெரிய முடிச்சு இருக்கட்டும். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டுத் தடுக்காதீர்கள், பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

டிரம்முக்குப் பின்னால் வோர்ம் கியர். பிளாஸ்டிக்காக இருந்தால் பல் மழுங்கியோ உருகியோ இருக்கும். ஏன் உருகுகிறது? செயின் பிரேக் போட்டபடி ஆக்சிலரேட்டரை முறுக்குவதால். டிரம் நிற்க, கிளட்ச் உள்ளே உரசிச் சூடேறி, பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் இளகிவிடும். புகைந்த வாடை வந்த நாளிலிருந்து ஆயில் நின்றது என்றால் வேறெங்கும் தேடவேண்டாம். வோர்மை மாற்றும்போது பம்ப் கியரின் பல்லையும் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் புது வோர்மையும் தின்றுவிடும். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 170, 180 மாடல்களில் வோர்மிலிருந்து ஒரு கம்பிக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அது டிரம்மின் விளிம்பில் உள்ள வெட்டுக்குள் உட்கார வேண்டும். கிளட்ச் வேலை பார்த்துவிட்டு டிரம்மை அவசரமாகத் தள்ளி மாட்டினால் கம்பி வளைந்து ஒதுங்கிவிடும். நேற்றுவரை வந்த ஆயில், சர்வீஸ் முடிந்து வந்ததும் நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மாட்டும்போது டிரம்மை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பினால் கை வெட்டில் விழுவது தெரியும்.

பம்பைப் பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூதான் பிடித்திருக்கும். வெளியே எடுத்ததும் குப்பையில் போடாமல் ஒரு கிண்ணம் ஆயிலில் அதன் உறிஞ்சும் வாயை முக்கி, கியரை ஓடும் திசையில் விரலால் சுற்றுங்கள். உள்ளே உள்ள பிஸ்டன் சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் நகர்வது கைக்குத் தெரியும். சில சுற்றில் வெளிவாயில் சொட்டு கட்டினால் பம்ப் நல்லது. இறுகிக்கிடந்தால் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறட்டும். மழைநீர் புகுந்து துருப்பிடித்தது ஊறினாலும் சரியாகாது. அப்போது புதுப் பம்ப் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

அளவு கூட்டும் ஸ்க்ரூ உள்ள மாடல்களில், அது பொதுவாக அடிப்பக்கம் கிளட்சுக்கு நேர் கீழே இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினால் கூடும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பக்கத்தில் உள்ள குறியைப் பார்த்துத் திருப்புங்கள். 18 அங்குலத்துக்கு மேற்பட்ட பாருக்கும் காய்ந்த கெட்டி மரத்துக்கும் கூட்டி வைக்க வேண்டும். எம்எஸ் 170, 180 மாதிரியானவற்றில் இந்த ஸ்க்ரூவே கிடையாது, தேடவேண்டாம்.

மாட்டி முடித்த பிறகு இரண்டு டேங்கையும் நிரப்பி வேலைக்கு எடுத்துப்போங்கள். நம் கடைகளில் அதிகம் விற்கும் 58 சிசி மெஷினில் பெட்ரோல் 550 மி.லி., ஆயில் 260 மி.லி. பிடிக்கும். எம்எஸ் 180 என்றால் 250-க்கு 145. பெட்ரோல் தீரும்போது ஆயில் பெரும்பகுதி இறங்கி, அடியில் கொஞ்சம் மீதி நிற்க வேண்டும். பாதிக்கு மேல் மீதி நின்றால் இன்னும் எங்கோ அடைப்பு இருக்கிறது. பெட்ரோலுக்கு முன்னால் ஆயில் தீர்ந்தால் ஸ்க்ரூவைக் குறையுங்கள், ஸ்க்ரூ இல்லாவிட்டால் கசிவைத் தேடுங்கள்.

காய்ந்து ஓடிய பாரை அப்படியே மாட்டுவதற்கு முன் காடியின் ஆழத்தை அளந்து பாருங்கள். .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) செயினுக்கு 6 மி.மீ., சின்ன மெஷின்களின் மெல்லிய 3/8 செயினுக்கு 5 மி.மீ. ஆழமாவது மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் செயினின் உள்பல் காடியின் அடியில் உரசும், எவ்வளவு ஆயில் வந்தாலும் சூடு தணியாது. விளிம்பில் பிசிறு எழுந்திருந்தால் தட்டை அரத்தால் சீவிவிடுங்கள். உள்பற்கள் நீலம் பாய்ந்த செயினைப் புது பாரில் போடாதீர்கள். புதுச் செயினை முதல் நாள் ராத்திரியே ஆயிலில் ஊறப்போட்டு, மறுநாள் ஐந்து நிமிஷம் அரை வேகத்தில் சும்மா ஓட்டி, ஆறவிட்டு இறுக்கம் பார்த்துவிட்டு மரத்தில் வையுங்கள்.